உடைந்ததா, உடைத்தார்களா? குற்றச் செய்திகளின் மென்மொழி பற்றி ஓர் எளிய விளக்கம்

குற்றச் செய்தியைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ஒருவராவது ‘பாருங்க, எப்படி மழுப்பி எழுதியிருக்காங்க’ என்பார். எதைச் சொல்கிறார் என்று பார்த்தால் பெரும்பாலும் ‘கூறப்படுகிறது’ என்ற சொல்லாக இருக்கும். அல்லது, ‘கையும் களவுமாப் பிடிச்சாச்சு, இன்னும் என்ன குற்றம் சாட்டப்பட்டவர்? குற்றவாளின்னு எழுத வேண்டியதுதானே’ என்பார். உடனே இன்னொருவர், ‘சட்டப்படி அப்படித்தான் எழுதணும்’ என்று வாயை அடைத்துவிடுவார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. செய்திகளில் மழுப்பல் இருக்கிறது. ஆனால் முதலாமவர் காட்டும் இடத்தில் அது அவ்வளவாக இல்லை. சட்டம் சில சொற்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் இரண்டாமவர் நினைக்கும் அளவுக்கு எல்லாவற்றையும் அல்ல. நிஜமான மழுப்பல், யாரும் சண்டை போடாத சின்னச் சொற்களில் உட்கார்ந்திருக்கிறது: ‘மோதி’, ‘பாய்ந்து’, ‘தாக்கி’. சில நேரம் ஒரு சொல்லில்கூட இல்லை, ‘ஆல்’ என்ற உருபில்.

## உடைந்த டம்ளர்

உள்ளே ஏதோ விழுந்து நொறுங்கும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் குழந்தை நிற்கிறது. தரையெங்கும் கண்ணாடிச் சில்லு. ‘என்ன ஆச்சு?’ என்றால், ‘டம்ளர் உடைஞ்சிருச்சு’ என்று பதில் வரும். அதே டம்ளரைத் தம்பி உடைத்திருந்தால் பதில் வேறு: ‘தம்பி உடைச்சுட்டான்.’

குழந்தை பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். டம்ளர் உடைந்தது உண்மைதான். வாக்கியத்துக்குள் தனக்கு இடமில்லாமல் பார்த்துக்கொண்டது, அவ்வளவே. யாரும் சொல்லித் தராமலே வந்துவிடும் இந்தச் சாமர்த்தியம்தான் செய்தி மொழியின் மென்மைக்கும் அஸ்திவாரம்.

பள்ளி இலக்கணத்தில் இதைப் படித்திருக்கிறோம். வாக்கியத்தில் ‘யார்’, ‘எது’ என்ற கேள்விக்குப் பதிலாக நிற்பது எழுவாய். அந்த எழுவாய்க்குத் தானாக நேர்வதைப்போலச் சொன்னால் தன்வினை: டம்ளர் உடைந்தது. எழுவாய் இன்னொன்றை அப்படி ஆக்கியதாகச் சொன்னால் பிறவினை: தம்பி உடைத்தான்.

இப்போது இந்த ஜோடிகளைப் பாருங்கள். எரிந்தது, எரித்தது. இடிந்தது, இடித்தது. கவிழ்ந்தது, கவிழ்த்தது. சிதைந்தது, சிதைத்தது. மாறுவது ஒரே ஒரு எழுத்து. ‘ந்’ போய் ‘த்’ வருகிறது. அதாவது மெல்லினம் போய் வல்லினம் வருகிறது. மெல்லினமாக இருக்கும்வரை செய்தவர் யாரும் இல்லை. வல்லினம் வந்ததும் ‘யார்?’ என்ற கேள்வி பிறந்துவிடுகிறது. மென்மொழி என்ற பெயர் தமிழுக்கு எழுத்தளவிலேயே இவ்வளவு பொருந்தும் என்று நான் முதலில் எதிர்பார்க்கவில்லை.

‘கலவரத்தில் 10 வீடுகள் எரிந்தன’ என்பதும் ‘கலவரத்தில் 10 வீடுகளை எரித்தனர்’ என்பதும் ஒரே நிகழ்வு. முதல் வாக்கியம் தீயணைப்புத் துறையின் செய்திபோல இருக்கிறது. இரண்டாவதைப் படித்தால்தான் போலீஸ் நினைவுக்கு வருகிறது.

## மென்மையாகச் சொல்வது தப்பா?

இல்லை. நாகரிகமாகச் சொல்வதற்குத் தமிழில் பழைய மரபே உண்டு. நன்னூல் இதைத் ‘தகுதி வழக்கு’ என்று சொல்லி மூன்றாகப் பிரிக்கிறது. சபையில் சொல்லக் கூசும் ஒன்றை வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். ‘கால் கழுவி வந்தேன்’ என்று பள்ளியில் படித்த அதே உதாரணம். அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது மங்கலம். செத்தார் என்னாமல் ‘இயற்கை எய்தினார்’ என்பது. ஒரு குழுவுக்குள் மட்டும் புரியும்படி பெயர் மாற்றிச் சொல்வது குழூஉக்குறி.

இவற்றில் முதல் இரண்டிலும் உண்மை எங்கும் போவதில்லை. ‘கால் கழுவி வந்தேன்’ என்றால் என்ன நடந்தது என்று கேட்பவருக்குத் தெரியும். சொல்தான் மாறியது, தகவல் மாறவில்லை. செய்தியில் சிக்கலாவது வேறு வகை: சொல் மாறும்போது தகவலும் சேர்ந்து காணாமல் போவது. ‘காலமானார்’ என்றால் இறந்தது தெரிகிறது. ‘துப்பாக்கிக் குண்டு பாய்ந்து உயிரிழந்தார்’ என்றால் சுட்டது யார் என்பது போய்விடுகிறது.

மூன்றாவதான குழூஉக்குறிக்குக் குற்றச் செய்தியில் தனி இடம் உண்டு. லஞ்சம் ‘மாமூல்’ ஆவதும் ‘கவனிப்பு’ ஆவதும் இதுதான். ‘சம்பவம்’ என்ற சொல்லைப் பாருங்கள். ரவுடிகள் பேச்சில் ‘சம்பவம் பண்ணிட்டாங்க’ என்றால் கொலை. செய்தியிலும் கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை, லாரி கவிழ்ந்தது எல்லாமே ‘இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது’ என்றுதான் முடியும். யார் யாரிடமிருந்து கடன் வாங்கினார்களோ தெரியாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நாகரிகத்துக்காகச் சொல்லை மாற்றுவது ஒன்று, செய்தவரை வாக்கியத்திலிருந்து வெளியேற்றுவது வேறொன்று. இந்தக் கட்டுரைக்கு இரண்டாவதுதான் விஷயம்.

## எச்சரிக்கையை மழுப்பல் என்று நினைப்பது

முதலில் அந்தப் பழைய சண்டையை முடித்துவிடுவோம். ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்றால் போலீஸோ புகார்தாரரோ ஒரு குற்றத்தைச் சுமத்தியிருக்கும் ஆள். நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவர் குற்றவாளி. அதற்கு முன் குற்றவாளி என்று எழுதிவிட்டு, நாளைக்கு அவர் விடுதலையானால் அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. அவதூறு வழக்கும் வரலாம். ஆகவே இது எச்சரிக்கை. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

‘கொலை’ என்ற சொல்லும் அப்படித்தான். நம் பேச்சில் ஒருவர் இன்னொருவரின் உயிரைப் போக்கினால் அது கொலை. சட்டத்தில் அதற்கே பல படிகள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில் கொலைக்கான தண்டனை 103-ஆம் பிரிவு. கொலையாகாத மரணம் விளைவித்தல் 105. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல் 106. எதில் வரும் என்பது முதல் நாள் இரவு செய்தி எழுதும் நிருபருக்குத் தெரியாது. சாவுக்கான காரணமே தெரியாதபோது போலீஸாரும் ‘சந்தேக மரணம்’ என்றுதான் வழக்குப் பதிவார்கள். அன்றைக்கு ‘இறந்து கிடந்தார்’ என்று எழுதுவது மென்மை அல்ல, நேர்மை.

சில இடங்களில் மறைப்பதைச் சட்டமே கட்டளையிடுகிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது அதே சம்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தைகள் விஷயத்தில், அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஊடகங்களுக்கு நேரடியாகவே தடை போடுகிறது: பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம் எதுவும் கூடாது. தற்கொலைச் செய்தியில் எப்படிச் செய்துகொண்டார் என்பதை விவரிக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களைக் கேட்டுக்கொள்வதும் இந்த வகைதான். அங்கே மௌனம் ஓர் உயிரைக் காக்கலாம்.

அப்படியானால் எச்சரிக்கையையும் மழுப்பலையும் எப்படிப் பிரிப்பது? நான் ஒரே கேள்வி கேட்டுக்கொள்வேன்: இந்தச் சொல் மறைப்பது இன்னும் தெரியாத ஒன்றையா, ஏற்கெனவே தெரிந்த ஒன்றையா? இன்னும் நிரூபணமாகாததை நிரூபணமாகாதது என்று சொன்னால் எச்சரிக்கை. அதே செய்தியின் மூன்றாம் பத்தியில் தெளிவாக இருப்பதைத் தலைப்பில் காணோம் என்றால் மழுப்பல்.

‘கூறப்படுகிறது’ என்ற சொல்லில் ஒரு குறை இருக்கிறதுதான், ஆனால் அது மென்மையில் இல்லை. கூறியது யார் என்று அது சொல்வதில்லை. ‘போலீஸார் கூறினர்’, ‘முதல் தகவல் அறிக்கையில் உள்ளது’ என்று எழுதினால் அதே எச்சரிக்கை கிடைக்கும். வாசகரும் எவ்வளவு நம்பலாம் என்று தானே முடிவு செய்வார். (முதல் தகவல் அறிக்கை என்றால் புகாரைக் கேட்டதும் போலீஸார் பதியும் ஆரம்பப் பதிவு. எஃப்ஐஆர் என்று பேச்சில் சொல்வது அதைத்தான். அதில் இருப்பதெல்லாம் நிரூபணமானது என்று பொருளில்லை.)

## செய்தவர் எங்கே போகிறார்?

செய்தவரை வாக்கியத்திலிருந்து அப்புறப்படுத்த நாலைந்து வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் படிக்க இயல்பாகவே இருக்கும். அதுதான் அதன் பலம்.

ஒன்று, கருவியைச் செய்பவராக்குவது. ‘கார் மோதி முதியவர் பலி’ என்ற வாக்கியத்தில் மோதியது கார். காரை ஓட்டியவர் இல்லை. ‘கட்டுப்பாட்டை இழந்த கார்’ என்பது இன்னும் ஒரு படி மேல். கட்டுப்பாட்டை இழந்ததுகூட காரேதான்! அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நடைக் கையேட்டில் 2016-இல் இதைப் பற்றி ஒரு குறிப்பு சேர்த்தது: ஒருவரின் அலட்சியம் என்று குற்றச்சாட்டோ ஆதாரமோ இருக்கும்போது ‘விபத்து’ என்ற பொருள்படும் சொல்லைத் தவிர்க்கலாம், ஏனென்றால் அது அவரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதுபோலப் படும். குடித்துவிட்டு ஓட்டினார் என்று வழக்குப் பதிந்த பிறகும் விபத்து என்றே எழுதுவது நம்மிடமும் சாதாரணம்.

இரண்டு, செயலைப் பெயர்ச்சொல்லாக்குவது. ‘சுட்டார்’ என்றால் சுட்டவர் வேண்டும். ‘துப்பாக்கிச்சூடு நடந்தது’ என்றால் யாரும் வேண்டாம். மழை பெய்வதைப்போல அது நடந்துவிடும். ‘மோதல்’, ‘கைகலப்பு’, ‘தகராறு’ ஆகியவை இதே குடும்பம். இவற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு: ஒருவர் அடித்து இன்னொருவர் வாங்கியதை, இருவரும் சேர்ந்து செய்ததாக மாற்றிவிடும். ‘இரு பிரிவினரிடையே மோதல்’ என்ற தலைப்பின் கீழே படித்தால், ஒரு பிரிவின் வீடுகள் மட்டும் சூறையாடப்பட்டிருக்கும்.

போலீஸ் சம்பந்தப்பட்ட செய்திகளில் இந்த இரண்டும் கைகோத்து வரும். ‘தப்பி ஓட முயன்றபோது வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது’ என்ற வரியைத் தமிழ்ச் செய்தி படிக்கிற யாரும் சட்டென்று அடையாளம் கண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவதுதான் பிரச்சினை. ‘போலீஸார் தற்காப்புக்காகச் சுட்டதில் ரவுடி பலி’ என்பது இன்னும் கனமானது. தற்காப்பா இல்லையா என்பது விசாரித்துத் தெரிய வேண்டிய ஒன்று. இப்படிப்பட்ட மரணம் ஒவ்வொன்றிலும் முதல் தகவல் அறிக்கை பதிந்து தனியான விசாரணை நடத்த வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் 16 வழிகாட்டுதல்கள் தந்தது. ஆனால் செய்தியில் ‘தற்காப்புக்காக’ என்பது போலீஸ் சொன்னதாகக்கூட வராமல், நேரில் நின்று பார்த்ததைப்போல வருகிறது. ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்யும் ‘ஆபிஸர் இன்வால்வ்ட் ஷூட்டிங்’ (போலீஸ்காரர் சம்பந்தப்பட்ட துப்பாக்கிச்சூடு) என்ற தொடரைத் தவிர்க்கும்படி 2020-இல் அசோசியேட்டட் பிரஸ் தன் ஆட்களிடம் சொன்னது. போலீஸ்காரர் அங்கே சுட்டாரா, சுடப்பட்டாரா, சும்மா நின்றாரா என்பதே அந்தத் தொடரில் தெரியாது.

மூன்று, செயப்பாட்டு வினை. ‘வெட்டினார்’ என்பதற்குப் பதில் ‘வெட்டப்பட்டார்’ என்று, செயலுக்கு ஆளானவரை எழுவாயாக்கிச் சொல்வது. பலரும் இதைத்தான் பெரிய வில்லனாகச் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. ‘பட்டார்’ என்ற துணைவினை, செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதையாவது விட்டுவைக்கிறது. ‘உயிரிழந்தார்’ என்பது அதைக்கூட விட்டுவைக்காது.

நான்கு, ‘ஆல்’. இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ‘காதலை ஏற்க மறுத்ததால் மாணவிக்குக் கத்திக்குத்து’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மழை பெய்ததால் ஆட்டம் நின்றது’ என்பதும் அதே அமைப்பு. ‘ஆல்’ என்பது காரணத்தைச் சொல்லும் உருபு. மழை காரணம், ஆட்டம் நின்றது விளைவு. அப்படியானால் முதல் தலைப்பில் கத்திக்குத்துக்குக் காரணம் எது? அந்தப் பெண் மறுத்தது. எழுதியவர் அப்படி நினைத்திருக்க மாட்டார். ஆனால் இலக்கணம் அப்படித்தான் நினைக்கிறது. ‘ஆத்திரமடைந்த வாலிபர்’ என்று அடுத்த வரி தொடங்கும்போது ஆத்திரமும் எங்கிருந்தோ வந்து அவரை அடைந்ததாகிவிடுகிறது. ‘மதுபோதையில்’ என்பதற்கும் அதே வேலை; போதை செய்தது, ஆள் கூட இருந்தார்.

சுருக்கமாக: கருவி, பெயர்ச்சொல், செயப்பாட்டு வினை, ‘ஆல்’. இவற்றில் எதுவும் பொய் இல்லை. எதிலும் செய்தவருக்கு முன்வரிசை இல்லை.

## சொல் மாறினால் மனம் மாறுமா?

‘எப்படி எழுதினால் என்ன, படிப்பவருக்குப் புரியாதா?’ என்ற கேள்வி நியாயமானது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

1974-இல் அமெரிக்காவில் எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு உளவியலாளர்கள், கார்கள் மோதிக்கொள்ளும் படத்தைச் சிலருக்குக் காட்டி வேகம் என்ன இருக்கும் என்று கேட்டார்கள். ஒரு குழுவிடம் கேள்வியில் ‘நொறுங்க மோதியபோது’ என்ற பொருள் தரும் வினை; இன்னொரு குழுவிடம் ‘தொட்டபோது’ என்பதுபோல. முதல் குழு சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் சொன்னது. இரண்டாவது குழு சுமார் 32 மைல் சொன்னது. இதே ஆராய்ச்சியின் இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து ‘உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?’ என்று கேட்டார்கள். ‘நொறுங்க’ கேட்ட 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். சாதாரணமாக ‘இடித்தபோது’ என்று கேட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

நம் டம்ளர் உதாரணத்துக்கு இன்னும் நெருக்கமான ஒன்று 2010-இல் வந்தது. கெய்ட்லின் ஃபாஸி, லெரா போரோடிட்ஸ்கி ஆகியோர் ஒரு உணவகத் தீயைப் பற்றிய கதையைக் கொடுத்தார்கள். அங்கிருந்த ஒரு பெண்ணின் துணி, மெழுகுவத்திச் சுடர் பட்டுப் பற்றிக்கொள்கிறது. ஒரு வடிவத்தில் அந்தப் பெண் துணியைப் பற்றவைத்தார். இன்னொன்றில் துணி பற்றிக்கொண்டது. கதை ஒன்றுதான். ஆனால் ‘பற்றவைத்தார்’ என்று படித்தவர்கள், அவர் கட்ட வேண்டிய நஷ்ட ஈட்டை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உயர்த்தினார்கள்.

குற்றச் செய்தியையே வைத்து 1995-இல் நான்சி ஹென்லியும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனையில், பாலியல் வன்முறைச் செய்தியைச் செயப்பாட்டு வினையில் படித்த ஆண்கள், பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்த தீங்கையும் செய்தவரின் பொறுப்பையும் குறைவாக மதிப்பிட்டார்கள். பெண்களிடம் அந்த வேறுபாடு இல்லை. இதற்கு விளக்கம் தேவையா என்ன?

## மென்மை யாருக்குக் கிடைக்கிறது?

மென்சொற்கள் எல்லாருக்கும் சமமாகப் பங்கு போவதில்லை. பேருந்தில் பர்ஸ் அடித்தால் திருட்டு. வீடு புகுந்தால் கொள்ளை. அலுவலகத்தில் உட்கார்ந்து கோடிக்கணக்கில் எடுத்தால் ‘முறைகேடு’. இன்னும் பெரிதானால் ‘நிதி இழப்பு’. பணம் தானாக இழந்துபோகிறது.

‘சிறுமியிடம் சில்மிஷம்’ என்ற தலைப்பு எனக்கு எப்போதும் குமட்டும். சில்மிஷம் என்பது சின்னக் குறும்புக்குச் சொல்லும் சொல். அந்தச் செய்திகளில் நடந்திருப்பதற்குப் போக்சோ சட்டத்தில் பெயர் பாலியல் தாக்குதல், குறைந்தபட்சத் தண்டனை 3 ஆண்டு சிறை. ‘ஒருதலைக் காதல்’ இதே கதை. விடாமல் பின்தொடர்வது 2013-லிருந்தே இந்தியாவில் தனிக் குற்றம். சங்க இலக்கணத்தில் ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை என்று அழகான பெயர் உண்டு. கைக்கிளைத் தலைவன் கையில் அரிவாள் கிடையாது.

நல்லவேளையாக, சொற்கள் மாறவும் செய்கின்றன. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைக் குடும்பமே கொல்வதை ‘கௌரவக் கொலை’ என்று எழுதிவந்தார்கள். அந்தப் பெயரில் கொன்றவரின் நியாயம் ஒளிந்திருக்கிறது: கௌரவத்துக்காகச் செய்தார். ‘ஆணவக் கொலை’ என்று மாற்றியதும் அந்த நியாயம் கழன்றுவிட்டது. ‘கற்பழிப்பு’ என்பதில் எதையோ இழந்தவள் பெண். ‘பாலியல் வன்கொடுமை’ என்பதில் கொடுமை செய்தவன் இருக்கிறான். புதிய சொற்களெல்லாம் மழுப்பல் என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த இரண்டையும் யோசிக்கலாம்.

சட்டமும் தன் சொற்களைத் திருத்திக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 1998-இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே ‘ஈவ் டீசிங்’ இருந்தது, கேலி கிண்டல் என்ற தோரணையில். பின்னர்தான் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான சட்டம் என்ற பொருளில் பெயர் மாறியது. 2023-இல் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட கையேடும் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் என்றே சொல்லுங்கள் என்றது. 2024 செப்டம்பரில், ‘குழந்தை ஆபாசப் படம்’ என்ற பொருள்படும் சொல்லை நீதிமன்றங்கள் பயன்படுத்த வேண்டாம், அது குழந்தைமீது நடந்த பாலியல் சுரண்டலின் பதிவு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதற்கெல்லாம் மாற்று, சொல்லை ஏற்றிக் கடுமையாக்குவதும் இல்லை. ‘காமக் கொடூரன்’, ‘மனித மிருகம்’ என்று எழுதினால் கோபம் தணியும். கூடவே இன்னொன்றும் நடக்கும்: குற்றம் செய்பவர்கள் மிருகங்கள், நமக்குத் தெரிந்த மாமாவும் வாத்தியாரும் மனிதர்கள், ஆகவே அவர்கள் செய்திருக்க மாட்டார்கள். கொடூரன் என்பதும் ஒரு வகையில் மென்சொல்தான், மற்ற எல்லாருக்கும்.

## ஏன் இப்படியே எழுதுகிறார்கள்?

சதி எதுவும் தேவையில்லை. பெரும்பாலும் அவசரமும் பழக்கமும்தான். குற்றச் செய்தியின் மூலப்பொருள் போலீஸ் தரும் பத்திரிகைக் குறிப்பு. அதன் மொழி அப்படியே செய்திக்குள் இறங்கிவிடும். நாளைக்கும் அதே ஸ்டேஷனில்தான் தகவல் கேட்க வேண்டும் என்பதால், ‘போலீஸார் அடித்ததாக உறவினர்கள் புகார்’ என்பது கடைசிப் பத்திக்குப் போகும். அவதூறு வழக்குப் பயம் உண்டு; பணமும் வக்கீலும் உள்ளவர்களைப் பற்றி எழுதும்போது அது கூடுதலாக இருக்கும். ‘முறைகேடு’ என்பது ‘திருட்டு’ ஆகாததற்கு அது ஒரு காரணம்.

அப்புறம், இடம். அச்சுப் பத்திரிகையில் ஒற்றைப் பத்தி அகலத்துக்குத் தலைப்பு போடுகிறவருக்கு ஒவ்வொரு எழுத்தும் காசு மாதிரி. ‘உயிரிழப்பு’ என்றால் ஆறு எழுத்து, ‘பலி’ என்றால் இரண்டு. ‘பலி’ தமிழ்த் தலைப்புகளை ஆள்வதற்கு இதைவிடப் பெரிய தத்துவம் ஏதும் இல்லை. பலி என்றால் பலி கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டுமே என்று யோசிக்கும் நேரம் இரவுப் பணியில் கிடைப்பதில்லை.

## ஒரு செய்தியைப் பிரித்துப் பார்ப்போம்

கீழே உள்ளது விளக்கத்துக்காக நான் எழுதியது. ஆனால் இதைப் படித்திராதவர் இருக்க மாட்டார்.

“கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் பணியின்போது எதிர்பாராத விதமாக விஷவாயு தாக்கியதில் தொழிலாளர்கள் 2 பேர் பரிதாபமாக உயிரிழந்தனர். இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியது. இதுகுறித்து போலீஸார் விசாரித்து வருகின்றனர்.”

தாக்கியது யார்? விஷவாயு. தொட்டியில் வாயு இருப்பது இயற்கை. மனிதர் அதற்குள் போனது இயற்கை அல்ல. யாரோ கூப்பிட்டு, கூலி பேசி, மூடியைத் திறந்து இறக்கியிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ‘பணியின்போது’ என்ற ஒரே சொல்லுக்குள் கரைந்துபோனார்கள்.

‘எதிர்பாராத விதமாக’ என்பதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதையே குற்றம் என்கிறது. முதல் முறை பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாரும் சாக வேண்டியதுகூட இல்லை, இறக்கினாலே போதும். இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

‘பரிதாபமாக’ நம் கண்ணை ஈரமாக்குகிறது. ஈரமான கண்ணுக்கு எழுவாய் தெரியாது. ‘இச்சம்பவம்’ பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ‘விசாரித்து வருகின்றனர்’ என்பதில் எந்தச் சட்டப் பிரிவில் என்பது இல்லை. சந்தேக மரணம் என்று பதிந்திருக்கிறார்களா, 2013 சட்டத்தில் பதிந்திருக்கிறார்களா என்பதில்தான் இந்த வழக்கின் தலையெழுத்தே இருக்கிறது.

இதை யாரையும் குற்றவாளி என்று சொல்லாமல், ஸ்டேஷனில் கேட்டுத் தெரிந்ததை மட்டும் வைத்து இப்படி மாற்றி எழுதலாம்:

“பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்ட 2 தொழிலாளர்கள் மூச்சுத் திணறி இறந்தனர். அவர்களை வேலைக்கு அழைத்தது யார் என்பதைப் போலீஸார் இன்னும் தெரிவிக்கவில்லை. கையால் மலம் அள்ளும் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியப்படவில்லை என்று ஸ்டேஷனில் கூறினர்.”

‘இறக்கப்பட்ட’ என்பது செயப்பாட்டு வினைதான். ஆனாலும் இறக்கியவர் ஒருவர் உண்டு என்று அது சொல்கிறது, அடுத்த வாக்கியம் அவரைத் தேடுகிறது. எச்சரிக்கை இருக்கிறது, மழுப்பல் இல்லை.

தலைப்பில் இடம் போதாது என்று இரவுப் பணியில் இருப்பவர் சொல்லலாம். எண்ணிப் பார்த்தேன். ‘விஷவாயு தாக்கி 2 பேர் பலி’ என்பது இலக்கத்தையும் சேர்த்து 12 எழுத்து. ‘தொட்டியில் இறக்கினர்: 2 பேர் பலி’ என்பது 16.